குழாய் ஆர்கன் பெரிய ஆர்மோனியமா? காற்று ஒலியாகும் வழிகள்

கடலூர் முதுநகரில் இருக்கும் உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆர்மோனியம், நாகசுரம், புல்லாங்குழல், புதுச்சேரியில் ஒரு காலத்தில் ஊதிய ஆலைச் சங்கு, பாரீஸ் தேவாலயத்துக் குழாய் ஆர்கன் எல்லாமே காற்றால் ஒலிப்பவைதானே? அப்படியென்றால் குழாய் ஆர்கன் என்பது ஆர்மோனியத்தைப் பெரிதாகச் செய்ததுதானா?"

இல்லை. கட்டைகளும் துருத்தியும் இரண்டிலும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் ஆர்கனுக்கு நெருங்கிய சொந்தம் புல்லாங்குழலும், விழுப்புரம் பாதையில் நீராவி இன்ஜின் ஓடிய நாளில் கேட்ட ரயில் ஊதலும்தான். ஆர்மோனியம் வேறு குடும்பம். நாகசுரம் இன்னொன்று. ஆலைச் சங்கு இவை எதனோடும் சேராது.

சீராக ஓடும் காற்று தானாகப் பாடாது. மின்விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளினாலும் அதில் ஸ்வரம் கிடையாது, இரைச்சல்தான். காற்றோட்டத்தை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை ஒழுங்காக வெட்டியோ திசை திருப்பியோ விட்டால்தான் அது ஸ்வரமாகும். ஆகவே எந்த ஊதுகருவியை எடுத்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு: காற்றை வெட்டுவது எது? எத்தனை முறை வெட்டுவது என்று முடிவு செய்வது எது? இரண்டுக்கும் ஒரே விடை வரும் கருவிகளும் உண்டு, வேறு வேறு விடை வருபவையும் உண்டு. வித்தியாசம் எல்லாம் அங்கேதான்.

ஆர்கனின் பெரும்பாலான குழாய்களில் அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. இதை நம்ப முதலில் சிரமமாக இருக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டை உருட்டிச் செய்த குழாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் கூம்பான பாதம், அதன் நுனியில் காற்று நுழைய ஒரு துளை. பாதமும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம் ஒரு சிறு வாய் வெட்டப்பட்டிருக்கும். அந்த வாய்க்கு நேராக உள்ளே ஒரு தட்டையான தகடு படுத்திருக்கிறது. அது பாதத்தை ஏறக்குறைய முழுவதும் மூடிவிட்டு, கீழ் உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய கீற்றை மட்டும் திறந்து வைக்கிறது. காற்று அந்தக் கீற்றின் வழியே நாடா வடிவில் மேலே பாய்ந்து, வாயின் மேல் உதட்டு விளிம்பில் போய் மோதுகிறது. விளிம்புக்கு உள்ளே போவதா வெளியே போவதா என்று அந்தக் காற்று நாடா தடுமாறுகிறது. ஒருமுறை உள்ளே சாய்ந்தால் குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்த அலை குழாயின் மறுமுனைவரை போய்த் திரும்பி வந்து நாடாவை வெளியே தள்ளுகிறது. வெளியே போனதும் உள்ளே அழுத்தம் குறைந்து மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த ஊசலாட்டம்தான் ஒலி.

இங்கே வெட்டுபவன் காற்று நாடா. எத்தனை முறை என்று ஆணையிடுவது குழாயின் நீளம். அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்துக்கு நாடா கட்டுப்பட்டாக வேண்டும். மேல் முனை திறந்த, ஏறக்குறைய 8 அடி நீளக் குழாய் நொடிக்கு 65 அதிர்வுகள் தரும். 16 அடிக் குழாய் 33. பெரிய தேவாலயங்களில் இருக்கும் 32 அடிக் குழாய் 16 அதிர்வுகள் தரும். அது காதில் விழுகிறது என்பதைவிட, உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலும் நெஞ்சுக்கூட்டிலும் தெரிகிறது என்பதே சரி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மன்றத்து ஆர்கனில் 64 அடிக் குழாய் வரிசையே இருக்கிறது. நொடிக்கு 8 அதிர்வு! இசை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் செய்து வைத்திருக்கிறார்கள்.

மேல் முனையை ஒரு மூடியால் அடைத்துவிட்டால், அதே நீளத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், ஒலிக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க ஆர்கன் கட்டுபவர்கள் நெடுங்காலமாகச் செய்யும் தந்திரம் இது. விலையும் கொடுக்க வேண்டும்: மூடிய குழாயில் ஒற்றைப்படை மேல்ஒலிகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்கில் கூடவே எழும் ஒலிகள்) மட்டுமே வலுவாக எழுவதால் குரல் சற்று வெற்றாக, மங்கலாக இருக்கும். அந்த மங்கலும் ஒரு நிறம்தான் என்று அதைத் தனி வரிசையாகவே வைத்துக்கொண்டார்கள்.

புல்லாங்குழலும் இதே வேலையைத்தான் செய்கிறது. வாத்தியக்காரரின் உதடுகள் கீற்று, துளையின் விளிம்பு மேல் உதடு. நீராவி ரயிலின் ஊதலிலும் வட்டமான கீற்று வழியே நீராவி சீறி மேலே உள்ள உலோகக் குவளையின் விளிம்பில் மோதியது. ஆனால் புல்லாங்குழலில் துளைகளை விரலால் மூடித் திறந்து ஒரே குழலின் நீளத்தை மாற்றிக்கொள்கிறோம். ஆர்கன் குழாய்க்கு விரல் துளை கிடையாது. ஒரு குழாய்க்கு ஒரே ஒரு ஸ்வரம், ஆயுள் முழுவதும் அதுதான். அதனால்தான் ஒரு குரல் வரிசைக்கே 61 கட்டைகளுக்கு 61 குழாய் வேண்டியிருக்கிறது. இப்படிப் பல வரிசைகளை அடுக்கினால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். பாரீஸ் நோத்ருதாம் ஆர்கனில் ஏறக்குறைய 8,000 குழாய்கள். 19ஆம் நூற்றாண்டில் அரிஸ்தீத் கவாயே-கோல் என்ற பிரெஞ்சுக் கைவினைஞர் அதைப் பெரிதாகத் திருத்தி அமைத்தார். 2019 தீ விபத்தில் கூரை எரிந்து விழுந்தும் ஆர்கன் தப்பியது. ஆனால் உள்ளே ஈயத் தூசி படிந்துவிட்டதால் குழாய்களைக் கழற்றி, துடைத்து, ஒவ்வொன்றாகச் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் மறுபடி ஒலித்தது.

ஆர்மோனியத்துக்கு வருவோம். பழுது பார்ப்பதற்காக நான் அவ்வப்போது பிரித்துப் போடும் பெட்டி அது. மேல் பலகையைத் தூக்கினால் வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் நீள்சதுரமாக ஒரு கீற்று. அதன் மேல் ஒரு முனையில் மட்டும் ஆணி அடித்துப் பொருத்திய மெல்லிய பித்தளை நாக்கு. நம்மூர் வழக்கில் ரீடு. நாக்கு கீற்றைவிட மயிரிழை சிறியது. அதனால் எந்தப் பக்கத்திலும் உரசாமல் கீற்றுக்குள் இறங்கி ஏறும். துருத்தியின் காற்று அதை உள்ளே தள்ளும், நாக்கின் விறைப்பு அதைத் திரும்ப இழுக்கும். ஒவ்வொரு முறை அது கீற்றை அடைத்துத் திறக்கும்போதும் காற்று துண்டு துண்டாக வெளியேறுகிறது. வெட்டுவதும் நாக்கு, எத்தனை முறை என்று முடிவு செய்வதும் நாக்கு. குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் ஆழ்ந்த கீழ் ஸ்தாயி ஸ்வரம்கூட விரல் நீள நாக்கில் அடங்கிவிடுகிறது, முழு வாத்தியத்தையும் மடியில் வைத்துக்கொள்ள முடிகிறது.

சுருதி சேர்ப்பதைப் பார்த்தாலே இது விளங்கும். நாக்கின் நுனியை அரத்தால் லேசாகச் சுரண்டினால் நுனி எடை குறைந்து சுருதி ஏறும். ஆணிக்கு அருகே அடிப்பாகத்தைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும். குஜராத்தின் பாலிதானாவிலிருந்து வரும் நாக்குகளுக்கு இந்தத் தொழிலில் நல்ல பெயர் உண்டு. ஆர்கன் குழாயிலோ சுருதி சேர்ப்பது நீளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்: மேல் முனையில் மாட்டிய வளையத்தை ஏற்றி இறக்குவார்கள், மூடிய குழாயென்றால் மூடியைத் தட்டி நகர்த்துவார்கள்.

ஆர்மோனியம் என்ற பெயரில் காப்புரிமை பெற்றவர் பாரீஸைச் சேர்ந்த அலெக்சாந்தர் துபேன், 1842இல். அது காலால் மிதிப்பது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி போடும் பெட்டியாக அதை மாற்றியது கொல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். பிறகு அது நம் பஜனை மடங்களுக்கும் நாடக மேடைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஒரே வேகத்தில் நுழைந்தது. கமகம் (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் அழகு) வராது என்ற குறையால் அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகள் அதை ஒதுக்கி வைத்ததும் தெரிந்த கதைதான். அந்தக் குறை ஆர்கனுக்கும் அப்படியே பொருந்தும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்கனிலும் நாக்கு உள்ள குழாய்கள் இருக்கின்றன, இதைச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. டிரம்பெட், ஓபோ என்று பெயர் சூட்டப்பட்ட வரிசைகள் அவை. பாதத்துக்குள் ஒரு பித்தளைக் குழிவும் அதன் வாயை மூடுகிற வளைந்த பித்தளை நாக்கும் உண்டு. ஆர்மோனிய நாக்கு கீற்றுக்குள் நுழைந்து போகும். இது குழிவின் விளிம்பில் வந்து அறைந்து திரும்பும். அந்த அறைதான் அதன் குரலில் கேட்கும் காரம். நாக்கின் மேல் அழுந்தியிருக்கும் ஒரு கம்பியைத் தட்டி ஆடும் நீளத்தை மாற்றினால் சுருதி மாறும். மேலே நிற்கும் குழாய் பெரும்பாலும் நிறம் கொடுக்கத்தான். ஆக இந்த வரிசைகளைப் பொறுத்தவரை மட்டும் ஆர்மோனியத்துக்கு ஆர்கனோடு தூரத்துச் சொந்தம் உண்டு.

நாகசுரம்தான் இவற்றில் மிகச் சுவையானது என்பது என் கட்சி. சீவாளி இரட்டை நாக்கு. நாணல் தட்டையில் செய்த இரண்டு மெல்லிய இதழ்கள், இடையே ஒரு சிறு பிளவு. அதைக் கெண்டை என்ற உலோகக் குழலில் செருகி, உலவு என்னும் நீண்ட மரக்குழலின் தலையில் வைக்கிறார்கள். வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும் அவற்றின் வாயைத் திருத்தும் ஊசியையும் பார்த்திருப்பீர்கள். வித்வான் இடையிடையே ஊசியால் பிளவைச் சற்று விரிப்பதும், எச்சிலில் நனைத்து வாகு பார்ப்பதும் அழகுக்காக அல்ல. அந்தப் பிளவு காகிதத்தின் கனத்துக்கு மாறினாலே குரல் மாறிவிடும்.

இங்கே வெட்டுவது சீவாளி. முடிவு செய்வதோ குழலும் சீவாளியும் உதடும் சேர்ந்து. பித்தளை நாக்குக்குத் தன் விருப்பம் என்று ஒரு அதிர்வெண் உறுதியாக இருக்கிறது. நனைந்த நாணல் இதழுக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை, உதட்டின் அழுத்தத்துக்கு இணங்குகிறது. எனவே குழலின் அலைக்கும் பணிகிறது, ஊதுபவரின் மூச்சுக்கும் பணிகிறது. மூச்சை இறுக்கித் தளர்த்தினால் ஸ்வரம் வழுக்கிச் செல்கிறது. தோடியில் காந்தாரத்தை அசைக்க முடிவது இந்த இணக்கத்தால்தான். குழல் கூம்பாக விரிந்துகொண்டே போவதால் எல்லா மேல்ஒலிகளும் எழுகின்றன, குரல் வெகு தூரம் செல்கிறது. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலைப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்துக் கல்யாணத்தின் நாகசுரம் ஒன்றோடு ஒன்று மோதும். கூடவே ஒத்து ஊதுபவர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யோசித்துப் பார்த்தால், இந்தக் கூட்டத்தில் ஆர்கன் குழாயின் குணம் கொண்டது ஒத்துதான்.

கோயில் சங்கில் சீவாளியின் வேலையை ஊதுபவரின் உதடுகளே செய்கின்றன. கொம்பும் எக்காளமும் அப்படியே. பஸ்ஸின் ஏர் ஹாரனில் ஒரு உலோகத் தகடு காற்றின் வழியை மூடித் திறக்கிறது, முன்னால் இருக்கும் கூம்பு அதைப் பெரிதாக்கி நம் மேல் எறிகிறது.

ஆலைச் சங்கு தனி வகை. பழைய ஆலைகளில் நீராவி ஊதல் இருந்தது, அது குழாய் வகை. பின்னர் வந்த மோட்டார் சங்கில் துளைகளோ இடைவெளிகளோ உள்ள ஒரு உருளை, அதே அளவு இடைவெளிகள் உள்ள ஒரு கூட்டுக்குள் சுழல்கிறது. இடைவெளிகள் நேருக்கு நேர் வரும்போது காற்று பாய்கிறது, விலகும்போது அடைபடுகிறது. உருளையில் 10 இடைவெளி, நொடிக்கு 48 சுற்று என்றால் 480 அதிர்வு. கணக்கு அவ்வளவுதான். மோட்டார் வேகம் பிடிக்கும்வரை சுருதி ஏறிக்கொண்டே போவதும், மின்சாரத்தை நிறுத்தியதும் மெல்ல இறங்கி அடங்குவதும் இதனால்தான். வெட்டுவதும் முடிவு செய்வதும் இயந்திரம், காற்றுக்குப் பேச்சுரிமையே கிடையாது. புதுச்சேரியின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. 1898இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கி ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று பெயர் பெற்றதும் 2020இல் மூடப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்குச் சங்கு என்றால் கோயில் சங்குதான் நினைவுக்கு வரும்.

எதிர்முனையில், யாருமே ஆணையிடாத ஒலி ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் காற்று வீசியது. கம்பிகள் அலறியதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். கம்பியைக் கடக்கும் காற்று அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்களை உதிர்க்கிறது. அந்த உதிர்வின் வேகம்தான் சுருதி. விரல் கனக் கம்பியில் நொடிக்கு 35 மீட்டர் காற்றடித்தால் ஏறக்குறைய 700 அதிர்வு. காற்றின் வேகம் பாதியானால் ஒரு ஸ்தாயி கீழே. கட்டுப்படுத்தக் குழாயும் இல்லை நாக்கும் இல்லை என்பதால் புயல் ஏற ஏறக் குரலும் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை: ஆர்கன் குழாயின் கீற்றிலிருந்து வெளிவரும் காற்று நாடாவின் வேகமும் கணக்கிட்டால் நொடிக்கு 35 மீட்டர் அளவில்தான் வருகிறது. அதே வேகம், ஆனால் தாள் கனத்தில் ஒரு நாடா. குழாய் ஒன்று இருப்பதால் அது ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது.

அந்த வேகத்துக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆர்கன் கட்டுபவர்கள் அழுத்தத்தை நீர் மட்டத்தில் அளக்கிறார்கள். வழக்கமான அளவு 75 மில்லிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை நீரைத் தூக்கும் அழுத்தம். கடற்கரையில் ஸ்டிரா போட்டு இளநீர் உறிஞ்சும் குழந்தை அதற்கு இரண்டு மடங்கு வேலை செய்கிறது. நாகசுரக்காரரின் மூச்சழுத்தம் இதற்குப் பல மடங்கு. கடலூர் பஸ்ஸின் ஹாரனுக்குக் காற்றுத் தொட்டியில் இருப்பதோ ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. இத்தனை பெரிய ஆர்கன் இத்தனை மென்மையான காற்றில்தான் கோயிலை நிறைக்கிறது. அழுத்தம் குறைவு, அளவுதான் அதிகம்.

அதைவிட முக்கியம், அந்த அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும். அழுத்தம் சற்று ஏறினால் குழாயின் சுருதி ஏறும், மேலும் ஏறினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். கட்டைகளைப் பத்து விரலாலும் அழுத்தும்போது காற்று திடீரென்று வெளியேறுகிறது, விட்டதும் தேங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் நான்கு விரற்கடை நான்கு விரற்கடையாகவே நிற்க வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் க்டெசிபியஸ் முதல் ஆர்கனைச் செய்தபோது தீர்த்த சிக்கல் இதுதான். காற்றடைத்த ஒரு மணியை நீர்த்தொட்டியில் கவிழ்த்து, நீரின் எடையே அழுத்தத்தைச் சமன் செய்யும்படி அமைத்தார். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு எடைக்கல் ஏற்றிய தோல் துருத்தி வந்தது. துருத்தி மிதிக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று மின்விசிறி காற்றைத் தருகிறது, ஆனால் எடைக்கல் துருத்தி நடுவில் அப்படியேதான் இருக்கிறது.

ஆர்கனுக்கும் நம் கருவிகளுக்கும் உள்ள உண்மையான பிளவு என்று நான் நினைப்பது இதை. நாகசுரமும் புல்லாங்குழலும் காற்று மாறுவதால் பாடுகின்றன. ஆர்கன் காற்று மாறாததால் பாடுகிறது. வாசிப்பவர் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் குழாய்க்குப் போகும் காற்று ஒன்றே. ஒலியைக் கூட்ட வேண்டுமா, இன்னொரு வரிசையைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சில வரிசைகளை ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து, அதன் முன்பக்கக் கதவுத் தடுக்குகளைக் காலால் திறந்து மூட வேண்டும். குரலுக்கு நடுக்கம் வேண்டுமென்றால் காற்றுப் பாதையை வேண்டுமென்றே அசைக்கத் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மூச்சு இலவசமாகத் தருவதை இத்தனை பாடுபட்டு வாங்குகிறார்கள் என்று நாகசுர ரசிகனாகச் சிரிப்பு வரும். ஆனால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நூறு குழல் ஊத வேறு வழியும் இல்லை.

நம் பக்கம் ஏன் இவை அதிகம் இல்லை என்றும் கேட்பீர்கள். விலையும் பராமரிப்பு ஆளும் முதல் காரணங்கள். அடுத்தது நம் வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் கூடி, குழாயின் சுருதி அரை ஸ்வர இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நாக்குக் குழாய்கள் அதே அளவுக்கு ஏறா. ஆக மார்கழியில் சேர்த்த சுருதி சித்திரையில் இரண்டு வரிசைகளுக்கும் இடையே சண்டையாக முடியும். கடற்காற்றின் ஈரத்தில் தோல் துருத்தி உளுக்கும், மரப் பாகம் உப்பும், கரையானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஆராதனைகளில் ஆர்கன் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மின்னணுக் கருவி, அல்லது மிதி ஆர்மோனியம். மின்னணுக் கருவியில் காற்றே கிடையாது, பதிந்து வைத்த ஒலி ஒலிபெருக்கி வழியே வருகிறது. உண்மையான குழாய் ஆர்கனைக் கேட்க விரும்பினால் சென்னைக்குப் போகலாம். எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் 19ஆம் நூற்றாண்டுக் கருவி ஒன்று இருக்கிறது.

அதுவரைக்கும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒன்று. ஆர்மோனியத்தின் கீழ் ஸ்தாயிக் கட்டை ஒன்றை அழுத்திக்கொண்டு துருத்தியை முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் போடுங்கள். ஒலி கூடும்போது சுருதி இம்மியளவு இறங்கும். பிறகு திருவிழாவில் விற்கும் மூங்கில் குழலை அதேபோல மெதுவாகவும் பலமாகவும் ஊதுங்கள். சுருதி ஏறும், இன்னும் பலமாக ஊதினால் அடுத்த ஸ்தாயிக்குத் தாவும். இரண்டும் ஒரே குடும்பமென்றால் எதிரெதிர்த் திசையில் போயிருக்காது.